கண்ணுக்குத் தெரியாத எழுத்து

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஒரு ஈமெயிலை அனுப்பிவிட்டு, அனுப்பியதை நான்கு தடவை திறந்து பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவள், ஊர் உலகமெல்லாம் பயன்படுத்தும் ஒரு ஃபிரேம்வொர்க்கில் எந்தத் தைரியத்தில் கைவைத்தேன் என்று இன்றும் புரியவில்லை. வெப்சைட் கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்திலிருந்து ஆரம்பிக்காமல் இருக்க, யாரோ முன்கூட்டியே எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் நிரல் அது. பிழை கண்டால் யாரும் திருத்தி அனுப்பலாம். பொறுப்பாளர்கள் பார்த்துச் சரியென்றால் சேர்த்துக்கொள்வார்கள். திருப்பதியில் ஆபீஸ் வேலை போக, மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் அதில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிழை சின்னது. வாட்ஸப்பிலிருந்து பெயரை எடுத்து ஒட்டினால், சில சமயம் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்றும் கூடவே வந்துவிடும். பார்வைக்கு ஒரே பெயர், கம்ப்யூட்டருக்கு வேறு பெயர். லாகின் ஆகாது. அப்படிப்பட்ட எழுத்துகளையெல்லாம் கழித்துவிடும்படி நாலு வரி எழுதி அனுப்பினேன். வெளிநாட்டில் எங்கோ இருந்த பொறுப்பாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்திய மொழிகளுக்கு இந்த எழுத்து தேவைப்படுமா?

நான் தமிழை நினைத்துக்கொண்டு, தேவையில்லை என்று பதில் எழுதினேன்.

நமக்கு மெய்யெழுத்தென்றால் தலையில் ஒரு புள்ளி. அடுத்த எழுத்து பக்கத்தில் தனியாக நிற்கும். தெலுங்கில் அப்படியில்லை. அடுத்த எழுத்து முந்தியதன் காலடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்காராமல் தனியாக நிற்க வேண்டுமென்றால் நடுவில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தைத் தட்ட வேண்டும். சாஃப்ட்வேர் என்ற சொல்லையே அங்கே அப்படித்தான் எழுதுகிறார்கள். தினமும் தெலுங்கு போர்டைப் படித்து பஸ் ஏறுகிறவள், தெலுங்கில் சண்டை போட்டுக் காய்கறி வாங்குகிறவள், வீட்டுக்குள் தமிழ் பேசுகிறேன் என்பதற்காக இதை மறந்துபோனேன். அவர் என் சொல்லை நம்பினார். புது வெர்ஷனில் என் நாலு வரியும் வெளியே போயின.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், சித்தூரிலிருந்து தங்கை போன் செய்தாள். ஊரிலிருந்து போன் வந்தாலே, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டேதான் எடுப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கேலி செய்வாள். அன்று கேலி செய்யவில்லை. நைனாவுக்கு, அதான் எங்கள் அப்பாவுக்கு, காலில் ஆணி குத்திச் சீழ் பிடித்து, காய்ச்சலோடு நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப் போயிருந்தாள்.

“அக்கா, ஊசி போடணும்னு சொல்லிக்கினு இருக்காங்க. நைனாக்கு ஒத்துக்காத ஊசி ஒண்ணு இருக்குதுல்ல, அது எதுன்னு ரெகார்டுல பாருன்னா, இந்தப் பேர்ல யாருமே இல்லன்றா கவுண்டர்ல.”

மூன்று வருடத்துக்கு முன் அதே இடத்தில் ஓர் ஊசி போட்டு, தொண்டை வீங்கி, மூச்சுக்குத் தவித்துப் பிழைத்து வந்தவர் அவர். அதான் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்றே, மருந்தின் பெயர் எழுதிய சீட்டு எதற்கு என்று கிழித்துப் போட்டுவிட்டார். அந்த மருந்தின் பெயர் எங்கள் யார் மனதிலும் தங்கவில்லை.

முதலில் கவுண்டர்காரியைத்தான் திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த நர்சிங் ஹோமுக்கு அதே ஃபிரேம்வொர்க்கில் சாஃப்ட்வேர் செய்து கொடுத்தவன் என்னோடு படித்தவன். “நீ திருத்துன வெர்ஷன ஏத்திட்டேன்” என்று முந்தின நாள்தான் பெருமையாக மெசேஜ் அனுப்பியிருந்தான். நைனாவின் பெயர் இரண்டு பெயர்களைச் சேர்த்தது. முதல் பெயர் மெய்யெழுத்தில் முடியும். தெலுங்கில் ஏற்றியபோது நடுவில் அந்த எழுத்தைத் தட்டியிருப்பார்கள். இப்போது தேடும்போது என் நாலு வரி அதைக் கழித்துவிடுகிறது; ரெகார்டில் இருப்பதோ அந்த எழுத்தோடு, அதனால் இரண்டும் பொருந்தவில்லை. அப்பாவை இல்லாதவராக ஆக்கியது நான்தான்.

பஸ் பிடித்தால் ஒன்றரை மணி நேரம்.

“நான் சொல்ற வரைக்கும் ஊசி போட உடாத! அந்தப் பொண்ணுகிட்ட போனக் குடு.”

முழுப் பெயர் வேண்டாம்மா, முதல் பாதியை மட்டும் அடித்துப் பாரும்மா என்று அவளிடம் தெலுங்கில் கெஞ்சினேன். முதல் பாதியில் அந்த எழுத்து வராது. கீபோர்டு சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. திருப்பதிச் சாமி முதல் காணிப்பாக்கத்துப் பிள்ளையார் வரை எல்லோரையும் கூப்பிட்டேன்.

“உந்தி அக்கா,” என்றாள். இருக்கிறது. மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினாள். இப்போது போடச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்ததும் அதே ஊசிதான் என்று தங்கை பிறகு சொன்னாள்.

அன்று மாலையே, நான் சொன்ன பதில் தப்பு, தெலுங்குக்கு இந்த எழுத்து வேண்டும் என்று எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதினேன். மறுநாள் என் வரிகளை எடுத்துவிட்டார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“திருப்பதில உக்காந்துக்கினே என் உசிர காப்பாத்திடுச்சி என் பொண்ணு” என்று நைனா டீக்கடையில் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்கிறார். நான் அதைத் திருத்துவதில்லை. உண்மையைச் சொல்லப் பயம். அதைவிடப் பெரிய பயமும் ஒன்று இருக்கிறது. அந்த வெர்ஷன் பத்து நாளுக்கு மேல் வெளியே இருந்தது. எந்த ஊர்க் கவுண்டரில் யாருடைய அப்பாவுக்கு இந்தப் பேரில் யாரும் இல்லை என்று பதில் வந்ததோ தெரியாது. பாதிப் பெயரைத் தேடச் சொல்ல அவர்களுக்கு யார் இருந்தார்கள்?