கொச்சிக்கடை வரை பின்னால் வந்தவர்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கி இரண்டாவது வருடம். எனக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்து, உடுவிலிலிருந்து கொழும்புக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் சிலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் எனக்கும் ஒரு கட்டில் கிடைத்தது. அதற்கு ஏற்பாடு செய்தவன் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த சிநேகிதன். எனக்கு முன்பே வந்து ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தான். கொழும்பைத் தன் பாட்டன் கட்டியது போலப் பேசுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வா, உனக்குக் கொழும்பைக் காட்டுறன்" என்று காலையிலேயே என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினான்.

காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அந்த மனிதரை முதலில் கண்டேன். ஐம்பது வயது இருக்கும். வேட்டி, கழுத்துவரை பூட்டிய கறுப்புக் கோட்டு, கக்கத்தில் குடை. எங்கள் பஸ்ஸிலேயே ஏறினார். நாங்கள் காலிமுகத்திடலில் இறங்க, அவரும் இறங்கினார். அங்கே வந்தவர்கள் எல்லோரும் கடலைப் பார்க்க, அவர் மட்டும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அதைச் சொன்னதும் சிநேகிதனின் முகம் வெளுத்துவிட்டது.

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? அவன் மடியில் கனம் இருந்தது. அரசாங்கத்துக்கு ஆகாத ஒரு கட்சியின் கூட்டங்களுக்கு அவன் ஒளித்துப் போய் வந்துகொண்டிருந்தான். அந்தக் கட்சிக்காரர் சிலரை அப்போது பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள். அவனுடைய உத்தியோகமோ இன்னும் நிரந்தரமாகவில்லை. ஊரில் கலியாணத்துக்கு மூன்று தங்கச்சிமார். விஷயம் வெளியே தெரிந்தால் அவனோடு அந்தக் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிடும். இதையெல்லாம் அவன் ஒருவரிடம்தான் சொல்லியிருந்தான். அந்த ஒருவர் நான்.

"சி.ஐ.டி.தான். திரும்பிப் பாராதை" என்றான்.

திரும்பிப் பார்க்காதே என்றால் கழுத்து தானாகத் திரும்புகிறது. கோட்டையில் வெள்ளைக்காரக் கடைகளின் கண்ணாடிகளை அவன் காட்டினான். நான் கண்ணாடிக்குள் தெரிந்த குடையைப் பார்த்தேன். டிராமில் ஏறினோம். வாழ்க்கையில் முதல் டிராம். அது எப்படி இருந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் பின் ஆசனத்தில் அவர் இருந்தார்.

புறக்கோட்டையில் ஒரு முஸ்லிம் பெரியவரின் கடையில் அவன் சிகரெட் வாங்கினான். நான் ஒரு சோடா குடித்தேன். சிறிது தூரம் போய்த் திரும்பினால் அந்த மனிதர் அதே கடையில் நின்று ஏதோ விசாரித்துக்கொண்டிருக்கிறார். அவர் நகர்ந்ததும், சுற்றுப் பாதையால் போய் நான் கடைக்காரரிடம் கேட்டேன்.

"அந்த மனுசரா? நீங்க ரெண்டு பேரும் என்ன வாங்கினீங்க எண்டு கேட்டாரு தம்பி. சிகரெட் ஆருக்கு எண்டு ரெண்டு தரம் கேட்டாரு" என்றார் கடைக்காரர்.

ஓடிப்போய் அதைச் சொன்னேன். சிநேகிதன் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தான். சி.ஐ.டி.க்காரர் முதலில் ஆளின் பழக்கவழக்கங்களைத்தான் எழுதுவார்களாம். பிறகு நாங்கள் ஒரு கள்ளுத் தவறணை வாசலைத் தாண்டியபோது அந்த மனிதர் கிட்டத்தட்ட ஓடியே வந்தார். நாங்கள் உள்ளே போகவில்லை என்று கண்டதும் நடையைத் தளர்த்தினார். அதைக் கண்டு அவன் நடையை இன்னும் கூட்டினான்.

கொச்சிக்கடைப் பக்கம் வரும்போது அவன் சட்டென்று நின்றான். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "நீ ஆரிட்டையும் சொன்னனியோ?"

ஒரே வாங்கில் இருந்து படித்தவன், என் அடிபாட்டுக்கெல்லாம் முன்னால் நின்றவன், அவன் வாயிலிருந்து வந்த கேள்வி அது. "இல்லை" என்றேன். அவன் நம்பவில்லை என்பது தெரிந்தது. பிறகு, "நீ பஸ் எடுத்து வீட்டை போ. என்னோடை நிண்டா உன்ரை உத்தியோகமும் போயிடும்" என்றான். அது அக்கறையா, என்னைக் கழற்றிவிடப் பார்த்தானா என்று எனக்கு விளங்கவில்லை. போவதற்கு வழியும் தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் பக்கத்திலேயே நடந்தேன்.

எதிரே அந்தோனியார் கோயில். உள்ளே நல்ல சனம். "வா, இதுக்குள்ளை பூருவம்" என்றான். இரண்டு பேரும் நெற்றித் திருநீற்றோடு உள்ளே நுழைந்து, மற்றவர்களைப் பார்த்து முழங்காலில் இருந்தோம். எல்லோரும் எழுந்தால் எழுந்தோம், குனிந்தால் குனிந்தோம். கையில் ஒருவர் தந்த மெழுகுதிரியையும் ஏற்றினேன். அவன் உத்தியோகத்துக்காக அன்று நான் அந்தோனியாரிடம் மனதாரத்தான் கேட்டேன்.

வெளியே வந்தால், படியில் அவர் நிற்கிறார். கண்கள் கலங்கியிருந்தன. சிநேகிதன் ஓடுவதற்கு ஒரு காலைத் தூக்கினான். ஆனால் அவர் பிடித்தது என் கையை.

"தம்பி, நீர் எப்ப கிறிஸ்தவ வேதத்திலை சேர்ந்தனீர்? கொப்பருக்குத் தெரியுமோ?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் சைவம்தான் ஐயா. என்னை எப்பிடித் தெரியும்?" என்றேன்.

பிறகுதான் மனிதர் மூச்சு விட்டார். மானிப்பாயில் அவருக்கு ஒரு மருமகள், தமக்கையின் பெண். அவளுக்கு என்னைப் பேசியிருக்கிறார்களாம். எங்கள் அப்பா எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் யார் சொன்னார்கள்? கொழும்பில் தனியே இருக்கும் பெடியன் குடிக்கிறானா, புகைக்கிறானா, யாரோடு சேர்கிறான் என்று பார்த்து வர மாமனை அனுப்பியிருக்கிறார்கள். காலையிலிருந்து எல்லாம் திருப்தியாகத்தான் இருந்ததாம். கோயிலுக்குள் முழங்காலில் கண்டதும் மனம் உடைந்துவிட்டதாம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் பயமாகவும் இருந்தது.

"பின்னை ஏன் உள்ளை போனீர்?" என்று அவர் விடவில்லை. உண்மையைச் சொன்னால் சிநேகிதன் தொலைந்தான். சொல்லாவிட்டால் அந்தச் சம்பந்தம் அதோடு சரி. அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சும்மா பாக்கப் போனனான் ஐயா" என்றேன். நம்பும்படியான பதில் அல்ல என்று எனக்கே தெரிந்தது.

அவர் என்னை விட்டுவிட்டு அவனிடம் திரும்பினார். "நீர் இவரோடை பழகிற ஆள். மறைக்காமல் சொல்லும். நம்பிக் குடுக்கலாமோ?"

அவன் அவருக்கு முன்னால் வந்து நின்றான்.

"ஐயா, எனக்கு ஒரு ஆக்கினை வந்தது. அதுக்காகத்தான் உள்ளை போனது. அது என்னெண்டு நான் சொல்லமாட்டன், இவனும் சொல்லமாட்டான். இப்ப சொல்லியிருந்தால் இவன் தப்பியிருப்பான், சொல்லேல்லை. கண்ணை மூடிக்கொண்டு குடுங்கோ."

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் பஸ் எடுத்து வெள்ளவத்தைக்குத் திரும்பினோம். வழியில் அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த ஆவணியில் மானிப்பாயில் என் கலியாணம் நடந்தது.

அந்த மாமன் எத்தனை நல்லது கெட்டது விசாரித்தாரோ தெரியாது. ஆனால் என்னைச் சந்தேகித்த வாயாலேயே ஒருவன் எனக்காகப் பேசிய அந்த நாலு வார்த்தைக்கு ஒருநாளும் பழுது வந்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் இவ்வளவு காலமும் நான் ஒழுங்காக வாழ்ந்திருக்கிறேன்.