பதினொரு ஜோடிச் செருப்பு

எங்கள் போர்மேனைப் பழிவாங்க எனக்கு வாய்ப்புக் கொடுத்ததே அவர்தான். அதற்காக இன்றுவரை அவருக்கு நன்றி சொல்லவில்லை.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன், நான் லோடு ஏற்றுகிறவன், என் அக்கா வெடிக்குள் மருந்து செலுத்துகிறவள். ஓர் அறையில் நாலு பேர்தான் உட்கார வேண்டும் என்று கதவுக்கு மேலே பெயிண்டில் எழுதியிருக்கும். தீபாவளி ஆர்டர் நெருங்கினால் அதே எழுத்துக்குக் கீழே பதினொரு பேர் முட்டியோடு முட்டி இடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கே அந்தக் கணக்கு உதைக்கும்.

ஒருநாள் அந்த அறையில் அக்கா முன்னால் இருந்த மருந்து மட்டும் பொசுக்கென்று பற்றியது. வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்ததால் அக்கா ஒரு கை வெந்ததோடு தப்பினாள். நல்லவேளையாக மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"வீட்டுல எண்ணெ கொட்டிருச்சுன்னு ஆசுபத்திரியில சொல்லு. இல்லன்னா கம்பெனிய மூடிருவாக" என்றார் போர்மேன். அக்காவும் அப்படியே சொன்னாள். கை ஆறி வேலைக்குத் திரும்பியவள், அறைக்கு நாலு பேர்தான் என்று தொழிலாளர் சங்கம் எழுதிய மனுவில் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் போர்மேன் அவளை உள்ளே விடவில்லை.

"கை நடுங்குதுல்ல தாயி. வீட்டுலயே இரு. எண்ணெ கொட்டாமப் பாத்துக்க."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் நான் எல்லாவற்றையும் செய்தேன்.

முதலில் சங்கத் தலைவரிடம் போனேன். இன்னொரு மனு எழுதலாம் என்றார்.

"அண்ணாச்சி, நீங்க எழுதுன மனுவையெல்லாம் எங்ககிட்டக் குடுத்திருந்தா அம்புட்டுலயும் வெடி சுத்திருப்போம்."

"சிரிக்காதலே. கம்பெனியப் பூட்டிட்டா இம்புட்டுச் சனமும் வீட்டுல கெடக்கும். பூட்டாம வழிக்குக் கொண்டு வரணும். அதுக்குத்தான் சங்கம்."

அவர் சொன்னது புரிந்தது. பிடிக்கவில்லை.

மருந்து அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. வாசலில் கழற்றிவிட வேண்டும். சோதனைக்கு ஆபீசர் வருகிறார் என்று வாட்ச்மேன் போன் செய்ததும், அறைக்கு நாலு பேர் போக மற்றவர்கள் பின்பக்கம் கருவேலங்காட்டுக்குள் வெறுங்காலோடு ஓடிவிடுவார்கள். செருப்பைத் தேடிக்கொண்டு நின்றால் மாட்டிக்கொள்வார்கள் என்பதால், அதைச் சாக்கில் அள்ளி ஒளிக்கும் வேலையைப் போர்மேன் என்னிடம் கொடுத்திருந்தார். அக்காவை விரட்டிய பிறகும் அந்த வேலையை வேறு ஆளுக்கு மாற்ற அவருக்குத் தோன்றவில்லை. எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டு திரிகிறவனுக்கு ரோசம் இருக்காது என்று நினைத்துவிட்டார்.

அடுத்த போன் வந்தது. பெண்கள் ஓடினார்கள். நான் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அறை அறையாகப் போனேன். ஒரு செருப்பையும் அள்ளவில்லை. சிதறிக் கிடந்தவற்றை ஜோடி சேர்த்து, போட்டோவுக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி வரிசையாக வைத்தேன்.

முன்பு அக்கா வேலை செய்த அறையின் வாசலில் ஆபீசர் நின்றார். உள்ளே பார்த்தார். கீழே பார்த்தார்.

"உள்ளே நாலு பேர். வெளியே பதினொரு ஜோடியா?"

"ஆளுக்கு ரெண்டு மூணு ஜோடி வச்சிருப்பாக சார்" என்றார் போர்மேன்.

"அப்படியா? நாலு பேரையும் கூப்பிடு. எல்லாத்தையும் போட்டு நடந்து காட்டட்டும்."

போர்மேன் என்னைப் பார்த்தார். நான் காலிச் சாக்கை உதறி, நிதானமாக மடித்தேன். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு ஒரு கரண்டி கூடுதலாக இறங்கும்.

அன்று சாயங்காலமே கம்பெனிக்குப் பூட்டு. அதுவும் சீசன் நேரம். முள் குத்திய காலோடு வந்த பெண்கள் என்னை ஏசியது தெரு முழுக்கக் கேட்டது. அக்காவும் விடவில்லை.

"வேலைய வாங்கிக் குடுலேன்னா, கம்பெனியவே பூட்டிட்டு வந்து நிக்கியே. அந்தாளு வீட்டுல உலை கொதிக்கத்தான் செய்யுது. நம்ம தெருவுலதாம்லே அடுப்பு அணைஞ்சிருக்கு."

பூட்டைத் திறக்க வைத்தது நான் கேலி செய்த அதே சங்கம்தான். தலைவர் முதலாளியோடு நாள்கணக்கில் உட்கார்ந்து பேசினார். அறைக்கு நாலு பேர், புது அறைகள் கட்டும்வரை எல்லோருக்கும் வாரம் மாற்றி வேலை என்று முடிவானது. அக்காவையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் போர்மேனிடம் நான் மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டுமாம்.

"எழுதிக் குடுத்துருலே. அக்காவுக்காக" என்றார் தலைவர்.

எழுதினேன். 'நாலு பேர் அறையில் தாங்கள் உட்கார வைத்த பதினொரு பேரின் செருப்புகளை, தங்கள் உத்தரவுப்படி ஒளிக்காமல் விட்டதற்கு மன்னிக்கவும்.' ஒரு நகலும் எடுத்து, அதன் கீழே 'படித்துப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி இடம் விட்டேன்.

எல்லோர் முன்னாலும் கொடுத்தேன். போர்மேன் 'மன்னிக்கவும்' என்ற சொல்லை மட்டும் விரலால் தேடிக் கண்டுபிடித்தார். மீசை விரிந்தது. நகலில் கையெழுத்தைப் பெரிதாகப் போட்டார்.

வெளியே வந்து நகலைப் படித்த தலைவர் நடையை நிறுத்தினார்.

"ஏலே, இது மன்னிப்பா, புகாரா?"

"அவுக அஞ்சாவது ஆள உக்கார வச்சாப் புகாரு. அதுவரைக்கும் மன்னிப்பு அண்ணாச்சி."

அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை அக்கா வேலைக்குப் போனாள். அந்த வாரம் வேலை இல்லாத எதிர்வீட்டு மதினி, நான் தெருவில் போகும்போதெல்லாம் முள் குத்திய காலைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள்.