வாசலில் ஒரு ஜோடி செருப்பு

இந்தக் கனடாக்காரர்களை எனக்கு இன்னும் புரியவில்லை. வீடு என்றால் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுத்தான் நுழைவார்கள். சர்ச்சுக்குள் மட்டும் பனியும் சேறுமாக அதே பூட்ஸோடு பீடம்வரை போவார்கள். நான் வாசலில் கழற்றிவிட்டு சாக்ஸோடு உட்காருவேன். "கால் வலிக்கிறதா?" என்று பக்கத்து இருக்கை மார்கரெட் வாராவாரம் கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவேன், விளக்கி மாளாது.

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் வழியில் எங்கள் ஊர். எங்கள் வீட்டுக் கூடம்தான் சபை. போன வருஷம் ஜெபம் நடக்கும்போது வெளியூர் ஆட்கள் வந்து, வாசலில் கிடந்த செருப்புகளை அள்ளிக் கிணற்றில் வீசி, இனிமேல் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது என்று மிரட்டிப் போனார்கள். அப்பா டவுனில் இருக்கும் பெரிய சபைக்கு ஓடினார். "எங்க பேரை இதுல இழுக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு வந்தவர் பக்கத்து நிலத்துக்காரர் முருகேசன் மாமா. நெற்றி நிறைய விபூதி. எங்கள் வாசலில் செருப்பை விட்டுவிட்டுக் கதவோரம் உட்கார்ந்தாராம். "நீங்க பாடுங்கண்ணா. என் செருப்புல எவன் கை வெக்கிறான்னு பாக்கறேன்." அதற்குப் பிறகு வாராவாரம் வந்தார். வம்புக்கு யாரும் வரவில்லை.

இதை இங்கே போதகரிடம் சொல்லி அழுதேன். ஜெபிப்பதற்காகக் கேட்டாரே என்று, அப்பாவும் மாமாவும் வாசலில் நிற்கும் போட்டோவையும் கொடுத்தேன். யாருக்கும் காட்ட வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தேன். துன்புறும் சபைகளுக்காக ஜெபிக்கும் ஞாயிறன்று அது பெரிய திரையில் வந்தது. மாமாவின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, 'மிரட்டியவர்களில் ஒருவர்'. நான் சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு, விபூதியைப் பார்த்ததுமே முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் போதகரிடம் போனேன். "எங்களைக் காப்பாற்றியதே அவர்தான்" என்றேன். "அப்படியா, எடுத்துவிடுகிறோம். ஆனால் எத்தனை பேர் கண்ணீர் விட்டார்கள் பார்த்தாயா?" என்று போதகர் தோளைத் தட்டினார். அதற்குள், சர்ச் இணையத்தில் போட்ட அந்த ஆராதனை வீடியோ எங்கள் ஊர் வாட்ஸப்பில் சுற்றத் தொடங்கியிருந்தது.

துன்பப்படுகிறவர்களுக்குச் சபை என்ன செய்யலாம் என்று இங்கே கூட்டம் போடுகிறார்கள். முதலில் எங்களைக் கேளுங்கள் ஐயா. எங்களைக் காட்டி அழாதீர்கள். டவுன் சபைக்காரர்களே, நீங்கள் ஒருமுறை வந்து வாசலில் செருப்பை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் போதாதா?

அப்பா போனில் சொன்னார்: "முருகேசன் மாமாகிட்ட போய்ப் பேசினேம்மா. 'உங்க பொண்ணு கூடவா என்னை அப்படி நெனச்சுதுண்ணா'னு கேட்டாரு. இந்த ஞாயித்துக்கிழமை வரல."

நேற்று சர்ச்சுக்குப் போனேன். வாசலில் பூட்ஸைக் கழற்றினேன். உள்ளே போகக் கால் எழவில்லை, திரும்ப மாட்டிக்கொள்ளவும் மனம் வரவில்லை. பாட்டு ஆரம்பித்துவிட்டது. கழற்றிய பூட்ஸுக்குப் பக்கத்தில், சாக்ஸோடு, வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.