அம்சவல்லி பொங்கவைத்த கடல்

காவலூர்ப் பக்கம் போய் அம்சவல்லி வீடு எது என்று கேட்டால், எந்த அம்சவல்லி என்று திருப்பிக் கேட்பார்கள். நுரைக்கார அம்சவல்லி என்றால் போதும், ஆடு மேய்ப்பவர்கூடக் கழியை நீட்டி வழி காட்டிவிடுவார். அந்தப் பெயர் அவளுக்கு ஒரே பகலில் வந்தது. அவள் கடலைப் பார்த்தவளே இல்லை. கடல்தான் லாரி ஏறி அவளைத் தேடி வந்தது.

கொண்டுவந்தவர் ஆதிநாராயணன். கப்பலில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், மூச்சிரைப்புக்கு மலைக்காற்று நல்லது என்று எண்பதுகளின் கடைசியில் இங்கே வீடு கட்டினார். காற்று ஒத்துக்கொண்டது, கடலை விடத்தான் மனசு வரவில்லை. கூடத்தில் கட்டில் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வைத்து, சென்னையிலிருந்து கேன் கேனாக உப்புத்தண்ணீர் இறக்கினார். அதில் உயிருள்ள பவளம், விரல்களை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஒரு கடல் சாமந்தி, அந்த விரல்களுக்குள் குடியிருக்கும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் ஜோடி. வீட்டு வேலைக்கு வந்த அம்சவல்லி அதைப் பார்த்து வாயைப் பொத்தியவள், மத்தியானம் வரை கையை எடுக்கவில்லை.

தொட்டியோரம் நின்ற குழாய்தான் அவளுக்குப் புரியாத புதிர். புரோட்டீன் ஸ்கிம்மர் என்பார் அவர்.

"வெல்லம் காய்ச்சும்போது அழுக்கெல்லாம் நுரையா மேல வரும், வழிச்சுக் கொட்டுவாங்க இல்ல? அதேதான். மீனோட கழிவு காத்துக்குமிழியில ஒட்டிக்கிட்டு மேல ஏறும், இந்தக் கிண்ணத்துல வழியும். கொட்டிடணும்."

அவரிடம் மூன்று வகை இருந்தன. முதலாவது முழங்கை நீளம். அடியில் நுண்துளைகள் உள்ள ஒரு மரக்கட்டை, அதன் வழியே காற்றை ஊதினால் குமிழியும் தண்ணீரும் சேர்ந்தே மேலே போகும். நாளெல்லாம் ஓடினாலும் ஒரு கரண்டி எச்சில்தான் துப்பும். இரண்டாவது இடுப்புயரம். தண்ணீர் மேலிருந்து இறங்கும், குமிழி கீழிருந்து ஏறும். பஸ் வாசலில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் முட்டிக்கொள்வதைப் போல இரண்டும் நெடுநேரம் உரசுவதால் அழுக்கு நிறையவே சிக்கும். இவை இரண்டும் பரணுக்குப் போய்விட்டன. மூன்றாவதை ஒரு கப்பல் சினேகிதர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். அதில் மோட்டார் தண்ணீரை ஒரு குறுகிய தொண்டைக்குள் விரட்டும். அந்த வேகத்தில் காற்று தானாக உறிஞ்சப்பட்டுப் பால் போல நுரைக்கும்.

கண் ஆபரேஷனுக்கு வேலூர் புறப்பட்ட அன்று ஆதிநாராயணன் வாசலில் நின்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அம்சவல்லி, கிண்ணத்தைக் கழுவணும். ஆனா கடையில விக்கிற சோப்பு, பவுடர் எதுவும் படக்கூடாது. பட்டா எல்லாம் செத்துரும். அதுங்க உயிர் உன் கையில."

"கவலப்படாம போய்ட்டு வாங்க சார். உங்க மீனு மேல ஒரு தூசி வுழாது."

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கடைச் சரக்கைத் தொடவே இல்லை. ஆனால் கிண்ணத்தில் படிந்த கரும்பிசுக்கு வெறும் தண்ணீருக்கு அசையவில்லை. நாற்றமோ சாராய ஊறலைத் தோற்கடித்தது. கொல்லையில் பூந்திக்கொட்டை மரம் இருக்கிறது, பட்டுப்புடவை துவைக்கவும் வெள்ளிக் கொலுசு தேய்க்கவும் அதுதானே? கொட்டைகளைக் கொதிக்கவைத்து, கிண்ணத்தையும் குழாயையும் அந்தச் சாற்றிலேயே ஊறப்போட்டுத் தேய்த்தாள். பளபளத்தது. அவசரமாக ஒரு தண்ணீர் விட்டு அலசி, மாட்டி, சுவிட்சைப் போட்டாள்.

குழாய் ஒரு முறை விக்கியது. பிறகு பொங்கியது பாருங்கள்! கிண்ணத்தின் மூடி தெறித்துக் கூரையில் இடித்தது. நுரை தரையில் இறங்கி, நாற்காலியை விழுங்கி, ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தது. வாசலில் படுத்திருந்த கறுப்பு நாய் எழுந்தபோது செம்மறியாடாக இருந்தது.

அவள் புருஷன் தசரதன் கூழ் குடிக்க வந்தவன், படியிலேயே நின்றுவிட்டான்.

"இன்னாமே இது! வூட்டுக்குள்ள மேகம் பூந்துக்கிச்சா?"

"யோவ், பேசாம மொறத்த எட்தா!"

"எத்தப் போட்டுக் கழுவன?"

"நம்ம பூந்திக்கொட்டதான். காட்டுல வெளஞ்சது இன்னா பண்ணும்?"

தசரதன் முகம் வெளுத்தது. "அடிப்பாவி! போன கோடையில அத்த இடிச்சு ஓடையில கலக்கித்தானே மீனு புட்ச்சோம்? மெதந்தத நீதானே அள்ளுன?"

அம்சவல்லிக்கு ஓடை ஓடை, சார் வீடு சார் வீடு. இரண்டையும் அவள் மனசு ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. நுரையை விலக்கித் தொட்டியைப் பார்த்தாள். கடல் சாமந்தி மூடிய கையாகச் சுருங்கிக் கிடந்தது. ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து, செவுள் அடித்துக்கொள்ள மிதந்தது.

தசரதன் சுவிட்சுக்குக் கையை நீட்டினான். அவள் தட்டிவிட்டாள்.

"நிறுத்தாத! வெசம் நொரையாத்தானே வெளிய போவுது? போவட்டும். பரண்ல கீற ரெண்டையும் எறக்கு!"

மூன்றும் ஓடின. குட்டை துப்பியது, நெட்டை வழிந்தது, வெளிநாட்டான் மூர்க்கமாய்க் கக்கினான். அவள் முறத்தால் அள்ள, அவன் கூடையில் கொல்லைக்குச் சுமந்தான். தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய, சேமிப்பில் இருந்த கடல் கேன்களைக் கவிழ்த்தாள்.

அந்தக் கோலத்தில்தான் ஆதிநாராயணன் வந்து சேர்ந்தார். ரத்தக்கொதிப்பு இறங்கினால்தான் கண்ணில் கத்தி என்று டாக்டர் திருப்பி அனுப்பியிருந்தார். வாசலில் வெள்ளை நாய் வாலாட்டியது. கைப்பை நழுவி விழுந்தது.

"சார், கொன்னுட்டேன் சார்," என்று முறத்தோடு அழுதாள் அம்சவல்லி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி.

அவர் முழங்கால் அளவு நுரையில் நடந்துபோய்க் கண்ணாடியில் நெற்றியை வைத்தார். சாய்ந்திருந்த மீனை இன்னொன்று மூக்கால் முட்டியது. அது ஒரு துடுப்பை அசைத்தது. நிமிர்ந்தது. கடல் சாமந்தி ஒரே ஒரு விரலை வெளியே நீட்டியது.

ஆதிநாராயணன் நுரைக்குள்ளேயே தொப்பென்று உட்கார்ந்தார்.

"மூணையும் சேர்த்து ஓட்ட யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். ஒண்ணு திணறிச்சு, மத்த ரெண்ட தொணைக்கு வுட்டேன். நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கங்க, நான் வர்றேன்."

"எங்க போற? இவ்வளவு நுரையை யார் அள்றது? எனக்கும் ஒரு முறம் குடு."

கொதிப்பு இறங்கி அவர் மறுபடி வேலூர் கிளம்பியபோது சாவியை அவளிடமே கொடுத்தார். புத்திமதி மட்டும் கொஞ்சம் நீண்டிருந்தது: "கடையில விக்கிறதும் கூடாது, காட்டுல வெளையறதும் கூடாது."

"வெறுந்தண்ணிதான் சார்," என்றாள் அம்சவல்லி. நாய் மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்து தெருவுக்குப் போனது.