அச்சில் இல்லாத கால்

சினிமாக் கொட்டகைக்குப் போகக்கூடாது என்பது எங்கள் சபையின் கட்டளை. பொன்னேரி வட்டாரத்து ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு நான் போதகனாகப் போனபோது, அதை ஞாயிறுதோறும் நானே சொல்லவேண்டியிருந்தது. சரி, ஜனங்கள் பொழுதுக்கு என்னதான் செய்வார்கள்? பால் பவுடர் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். முதியோர் வகுப்புக்குக் கூப்பிட்டால், மாடு பிடித்துக் கட்டவேண்டும் ஐயரே என்பார்கள். அதனால் ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கோயில் வாசலில் செய்தித்தாள் வாசிக்கத் தொடங்கினேன். நாட்டு நடப்பும் தெரியும், பொழுதும் போகும். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அச்சில் இருப்பதை நாலு பேர் முன்னால் உரக்கப் படிப்பதில் எனக்கும் ஒரு பெருமை.

தேர்தல், ரேஷன் அரிசி என்றால் கொட்டாவி விட்டார்கள். கொலை என்றால் மூச்சுக் காட்டமாட்டார்கள். நான் குரலை ஏற்றி இறக்கிப் படிக்கலானேன். பிறகு, அச்சில் இல்லாததையும் சேர்க்கலானேன். பிரசங்கத்துக்கு இருபது பேர் வந்தால், பேப்பருக்கு எண்பது பேர் வந்தார்கள்.

ஒரு ஞாயிறு கிடைத்தது ஐந்தே வரி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ரயில் பாதையோரம் ஒரு குமாஸ்தா வெட்டுப்பட்டுச் செத்துக் கிடந்தார். போலீஸ் ஆளைத் தேடுகிறது. அவ்வளவுதான். வெட்டியவனுக்கு நான் உருவம் கொடுத்தேன். தலையில் சிவப்புத் துண்டு. இடது காலைத் தாங்கித் தாங்கி நடப்பவன்.

"அட, எடது காலு தாங்கறவன் நம்ம சூளையில ஒருத்தன் கீறானே!" என்று மாட்டு வண்டிக்காரர் ஒருவர் எழுந்தார்.

ஆந்திராவிலிருந்து அந்த வாரம்தான் செங்கல் சூளை வேலைக்கு வந்திருந்த ஆள். முந்தின நாள் நான் அவரைப் பார்த்திருந்தேன். அவருடைய நொண்டலைத்தான் எடுத்துச் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. நான் வாய் திறப்பதற்குள் கூட்டம் ஓடிவிட்டது.

சூளைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவரை வண்டிச் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டி, மூங்கில் கழியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த பல் ஒன்று உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நேனு காது நைனா, நேனு காது." நான் இல்லை, நான் இல்லை என்று அவர் கத்தினார்.

"செவப்புத் துண்டு எங்கடா? எங்க ஒளிச்சி வச்சிக்கினுகீற?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். ஒருவன் இரண்டு கையாலும் செங்கல்லைத் தூக்கி அவருடைய நல்ல கால்மீது போட்டான். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது.

"உடுங்க! பேப்பர்ல காலப் பத்தி ஒண்ணும் இல்ல! நானா சேத்துச் சொன்னது!"

"ஐயரு பாவம் பாக்குறாரு," என்றார் வண்டிக்காரர். "அப்பால ஒத்திக்க ஐயரே. இப்ப ஜபம் வேணாம்."

பேப்பரை விரித்து ஐந்து வரியையும் மறுபடி படித்தேன்.

"அப்ப அவ்ளோ நீட்டிப் படிச்ச, இப்ப இன்னா கொறச்சிப் படிக்கிற?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். படிக்கத் தெரிந்தவர் அங்கே வேறு யாருமில்லை. நான் கட்டுண்டு கிடந்தவர்மேல் குப்புற விழுந்தேன். அடுத்த அடி என் மணிக்கட்டில் இறங்கியது.

செங்கல் ஏற்ற வந்த லாரியின் டிரைவர் குறுக்கே புகுந்து பேப்பரைப் பிடுங்கினார். சின்னப் பிள்ளைபோல எழுத்துக்கூட்டிப் படித்தார். அந்த ஐந்து வரிக்கு அவ்வளவு நேரமானது. ஓங்கிய கழிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"காலும் இல்ல, துண்டும் இல்ல," என்றார். "இன்னாய்யா வேல பண்ணி வச்சிகீறீங்க?"

கட்டை அவிழ்த்து, அந்த லாரியிலேயே அவரைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மூன்றாம் நாள்தான் அவருக்குப் பேச்சு வந்தது. என் மணிக்கட்டில் இருந்த மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு, வீங்கிய கைகளைத் தூக்கிக் கும்பிட்டார். எனக்காக அடி வாங்கிய சாமி நீ என்று தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"எதுக்கு நைனா அப்டி சொன்ன?" கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"கேக்கறவங்களுக்கு நல்லா இருக்கட்டும்னு."

அவர் கைகளைப் பிரித்தார். போர்வையை மெல்ல இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.