வெள்ளை அடிக்க வந்த பெரியபிள்ளை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால். முதலில் கண்ணில் பட்டவை மஞ்சள் நிற ரப்பர் கையுறைகள். கார்க் கதவு திறந்ததும் அவை வெளியே வந்தன. அவற்றை மாட்டியிருந்த ஒரு பெண்பிள்ளையும் ஒரு பையனும் பின்னால் இறங்கினார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பிராங்பேர்ட் நகர எல்லைக்கு வெளியே, ரயில் பாதையோரம் எங்கள் அகதிகள் விடுதி இருந்தது. ஹைம் என்போம். எங்களுக்கு உதவ வருகிறவர்களுக்குக் குறைவில்லை. தேவாலயக்காரர் பழைய மேலங்கிகளோடு வந்தார்கள், மாணவர்கள் கிட்டாரோடு வந்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லாத எங்களுக்கு, மற்றவர்கள் எங்களுக்காக வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் உத்தியோகம் மட்டும் ஒழுங்காகக் கிடைத்தது.

வந்த இருவரும் யூதப் பிள்ளைகள். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது, பையனுக்குப் பதின்மூன்று. அந்த வயதில் அவர்களை வளர்ந்தவர்களாக ஏற்றுக்கொண்டு விழா எடுப்பார்கள். பையனுக்கு பார் மிட்ஸ்வா, பெண்ணுக்கு பாட் மிட்ஸ்வா. ஜெபாலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் வேதம் வாசிக்க வேண்டும். அதற்கு முன் யாருக்காவது சேவை செய்ய வேண்டும் என்பது பெண்ணின் தாயார் அமெரிக்காவிலிருந்து, வங்கி உத்தியோகத்தோடு சேர்த்துக் கொண்டுவந்த வழக்கம். வாசித்தால் போதாதா என்று உள்ளூர்ப் பெரியவர்கள் கேட்டார்களாம். போதாது என்று முடிவாகி, எங்கள் பொதுச் சமையலறைக்கு வெள்ளை அடிப்பது சேவையாயிற்று.

கொஞ்சம் ஜெர்மன் தெரிந்தவன் என்பதால் காரோட்டி வந்த தாயார் சொன்னதைச் சமையலறையில் நின்றவர்களுக்கு நான் தமிழில் சொன்னேன். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. இனி அவள் பெரிய ஆள். அதைக் கொண்டாட மண்டபம் எடுத்திருக்கிறார்கள். புது உடுப்புத் தைத்தாயிற்று. அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் வருகிறார்கள். ஒவ்வொரு வாக்கியமும் சரி. தகவல் எல்லாம் சரியாக இருக்க, செய்தி மட்டும் பிழையாகிப்போவதை யாழ்ப்பாணத்தில் பத்திரிகையில் இருந்த காலத்திலேயே பார்த்திருக்கிறேன்.

சமையலறையை ஆண்டுவந்த யாழ்ப்பாணத்து அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"சாமத்தியப்பட்ட பிள்ளையையோ சுவருக்கு வெள்ளை அடிக்க விட்டிருக்கினம்? தாய்க்கு விசரே?"

"இது பூப்புனித நீராட்டு இல்லை, வேற சடங்கு போலை கிடக்கு, அக்கா."

"பன்னிரண்டு வயசுப் பெட்டைக்கு மண்டபம் எடுத்து வேற என்ன சடங்கு செய்யிறது, தம்பி?"

அதற்குள் பிள்ளையின் கையுறைகள் கழற்றப்பட்டு, ஹைமின் ஒரே ஆடாத கதிரை அவளுக்குப் போடப்பட்டது. பெரியபிள்ளையானவளுக்கு ஊரில் கொடுக்கிற பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் ஒரு கிளாசில் வந்தன. எண்ணெய் கூடிப்போயிற்று என்று அடுத்த அடுப்பில் நின்ற மன்னார் அக்கா குறை சொன்னார். அகதி கொடுப்பதை மறுக்கக்கூடாது என்று அவளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அவர்களுடைய மார்க்கத்தில் பச்சை முட்டைக்குத் தடை இல்லை என்பது அவளுடைய துரதிர்ஷ்டம். பிறகு வந்த ஆட்டிறைச்சி ரோல்ஸை மட்டும், வெளியில் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று தள்ளிவைத்தாள்.

"பாத்தியே தம்பி," என்றார் அக்கா. "சடங்கு முடியுமட்டும் மச்ச மாமிசம் விலக்கு."

பையனை ஒருவரும் தடுக்கவில்லை. "ஆம்பிளைப் பிள்ளைதானே, அடிக்கட்டும்." அவன் ஏணியில் ஏறித் தன் தலைமயிருக்கும் சுவருக்கும் சமமாக வெள்ளை அடித்தான். கீழே, தேநீரும் கையுமாக நின்ற ஆண்கள் ஆளுக்கொரு திசையில் தூரிகையை இழுக்கச் சொன்னார்கள். எல்லாம் தமிழில்.

அடுத்த ஞாயிறு உழுத்தங்களி. அதற்கடுத்த ஞாயிறு மன்னார் அக்காவின் முறை. தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல். அன்றைக்குத்தான் பிள்ளை என்னை நடையில் மறித்தாள்.

"வாசித்து முடித்ததும் நான் யாருக்கு என்ன செய்தேன் என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும். முட்டை குடித்தேன் என்றா சொல்வது?"

"சுவருக்கு வெள்ளை அடித்ததாகச் சொல்லலாமே."

"நான் அடிக்கவில்லை. பொய் சொல்லமாட்டேன்."

விழாவுக்கு முந்தைய ஞாயிறு அவள் கதிரையில் உட்கார மறுத்துவிட்டாள். இவர்கள் ஏன் என்னை வேலை செய்ய விடுவதில்லை என்று என்னிடம் நேராகவே கேட்டாள். எங்கள் சடங்கை விளக்கினேன். காது சிவக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவர்களிடம் சொல்லுங்கள். எங்களிடம் வளர்ந்தவள் என்றால், அதற்குப் பிறகு வேலைக்குச் சாக்குச் சொல்ல முடியாது என்று அர்த்தம்."

சொன்னேன். மன்னார் அக்கா சிரித்தார். "அப்ப எங்கடை சடங்குதான் நல்லது, இங்கை வந்து இருக்கச் சொல்லு." யாழ்ப்பாணத்து அக்கா சிரிக்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார்.

"ஏணியிலை ஏற விட ஏலாது. விழுந்தா தாய்க்கு ஆர் பதில் சொல்லுறது? வெங்காயம் உரிக்கட்டும்."

அன்று முழு ஹைமுக்கும் சமையல். ஒரு மூட்டை வெங்காயம். கையுறை வேண்டாம், வழுக்கும் என்று அக்கா சைகையால் காட்டினார். மத்தியானம் வரை உரித்தாள். மூக்கு ஒழுகியது, கண் வீங்கியது, எழுந்திருக்கவில்லை. தோலோடு சேர்த்துப் பாதி வெங்காயத்தையும் எறிந்ததை அக்கா கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய ஆட்சியில் அது பெரிய சலுகை.

"இது சேவைதானே?" என்று பிள்ளை கேட்டாள். மொழிபெயர்த்தேன்.

"ஓம், மோனை. எனக்கு ஒரு நேர வேலை மிச்சம்."

"அப்படியென்றால் சனிக்கிழமை இவர்களும் ஜெபாலயத்துக்கு வர வேண்டும். நான் சொல்வது உண்மை என்று தெரிந்த ஒருவராவது அங்கே இருக்க வேண்டும்."

"வராமல் விடுவமே? ஆலாத்தித் தட்டம் நான் கொண்டு வாறன் எண்டு சொல்லு, தம்பி," என்றார் அக்கா.

ஜெபாலயம் பிராங்பேர்ட்டில் இருந்தது. அகதிகள் அனுமதி இல்லாமல் தங்கள் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது. பிராங்பேர்ட் எங்கள் மாவட்டத்தில் இல்லை. திங்கட்கிழமை காலையே இரண்டு அக்காமாருக்கும் எனக்கும் அனுமதி கேட்டு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், கொடுத்தோம். அனுமதி கிடைத்தது. விழா முடிந்து, அடுத்த செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது.