ராசிபுரத்து டாக்டரின் சீட்டு

பை தூக்கி அலையும் சக மெடிக்கல் ரெப்களே, நம் தொழிலில் டாக்டரைப் பார்ப்பதைவிட எந்த டாக்டரைப் பார்ப்பது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கிற, நாடித்துடிப்பையும் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரை விற்க என்னை அனுப்பினார்கள். இப்போதெல்லாம் பெரும்பாலான டாக்டர்கள் முதலில் அதை எழுதுவதில்லை. மாதக் கடைசிக்குள் எழுதுகிற ஒருவரையாவது பிடித்தால்தான் எனக்கு வேலை நிரந்தரம்.

மூன்று கடை, ஒரே பெயர்

டாக்டர் என்ன எழுதுகிறார் என்று மருந்துக்கடையில் கேட்பதுதான் நம் வழக்கம். செவ்வாய்ப்பேட்டைக் கடையில் ராசிபுரத்து டாக்டரம்மா ஒருவர் பெயரைச் சொன்னார்கள். ஜலகண்டாபுரத்திலும் அதே பெயர். நாமக்கல்லிலும் அதே பெயர்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அங்கிருந்தே மேனேஜருக்கு போன் போட்டேன். நாமக்கல் கடைக்காரர் மட்டும் சாவகாசமாகச் சொன்னார்: "மாசம் தவறாம வருதுங்க, சீட்டுத்தான் மடிப்பு மடிப்பா கிழிஞ்சு போச்சுங்க."

டாக்டரம்மா சிரித்தார்

"மேடம், மூணு ஊர்லயும் உங்க பேஷன்ட்டுங்க!" என்று மூச்சு விடாமல் ஆரம்பித்தேன். அவர் சிரித்துவிட்டார். அந்த மாத்திரையை அவர் எழுதியது ஒரே ஆளுக்கு, ஒரு லாரி டிரைவருக்கு. அந்த டிரைவர் லோடு இறக்குகிற ஊரிலெல்லாம் அதே பழைய சீட்டைக் காட்டிப் பத்துப் பத்தாக வாங்கியிருக்கிறார். கிழிந்த சீட்டைப் பற்றி நான் சொன்னதும்தான் இது விளங்கியது. டாக்டரம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்: "ரெண்டு வருசமா அவரு வரவே இல்லீங்க தம்பி, எப்படியாச்சும் புடிச்சுக் கூட்டிட்டு வாங்க, நாடி பாக்கோணும்!"

லாரி நின்றது

டிரைவர் வந்தால் சொல்லுங்கள் என்று கடைகளில் சொல்லி வைத்தேன்; நாலாம் நாள் நாமக்கல் கடைக்காரர் கூப்பிட்டார், பைக்கில் பறந்தேன். டிரைவர் முதலில் மழுப்பினார். பிறகு, ஓட்டும்போது அடிக்கடி தலை சுற்றுகிறது, வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை என்றார். கேட்ட எனக்கே பயமாகிவிட்டது. அன்றைக்கே ராசிபுரம் கூட்டிப் போனேன். நாடி மிகவும் குறைந்திருந்தது. திடீரென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறு மாத்திரைக்கு மாற்றலாம் என்றார் டாக்டரம்மா. வெளியே வந்ததும் டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "சாமி, நீங்க வரலீன்னா எந்தப் பாலத்துலயோ வண்டிய உட்டிருப்பேனுங்க."

மேனேஜரிடம் சொன்னேன்

நடந்ததை ஒன்றுவிடாமல் சந்தோஷமாகச் சொன்னேன்.  அவர் கேட்டார்: "ஏனுங்க, எழுதுன ஒரே டாக்டரையும் நிறுத்த வெச்சுட்டா வந்தீங்க?"

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்றாலும், லாரி நிற்கிற ஊரிலிருந்தெல்லாம் அந்த டிரைவர் கூப்பிட்டுத் தன் பி.பி.யைச் சொல்வதால், இப்போது எனக்கும் மூன்று ஊரில் ஆள் இருக்கிறது.